பிக்கப்பில் சிலிண்டர் நிறுத்தத்தை முடக்குவதற்கு முன்

ஷெவர்லே சில்வராடோ, ஜிஎம்சி சியரா வைத்திருப்பவர்கள் பட்டறைக்கு வந்ததும் பெரும்பாலும் கேட்பது, ஏஎஃப்எம்மை (ஆக்டிவ் ஃப்யூயல் மேனேஜ்மென்ட், அதாவது தேவையில்லாதபோது சில சிலிண்டர்களை நிறுத்திவைக்கும் அமைப்பு) ஆஃப் செய்துவிடலாமா என்பதுதான். செய்யலாம், ஆனால் இன்ஜின் எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்காமல் செய்வதில் பயனில்லை.

எரிபொருளை மிச்சப்படுத்துவதற்காக, 2007 முதல் இவ்வண்டிகளின் பெரும்பாலான 5.3 லிட்டர் வி8 இன்ஜின்களில், அதிகப் பாரமின்றிச் சீராக ஓடும்போது 1, 4, 6, 7 ஆகிய சிலிண்டர்கள் நிறுத்தப்படுகின்றன. சோலினாய்டு (மின்சார வால்வு) திறந்துவிடும் ஆயில் அழுத்தம், கேம்ஷாஃப்டின் அசைவை வால்வுகளுக்குக் கடத்தும் லிஃப்டருக்குள் இருக்கும் பூட்டு ஊசிகளை உள்ளே தள்ளுவதால், லிஃப்டர் தனக்குள்ளேயே அமுங்கிக்கொள்கிறது. அதன் மேல் நிற்கும் புஷ்ராட் (தள்ளுதண்டு) அசைவதில்லை, வால்வுகளும் திறப்பதில்லை. அழுத்தம் விலகியதும் ஊசிகள் திரும்பிப் பூட்டிக்கொள்ள வேண்டும். அழுக்கேறிய ஆயிலோ தேய்மானமோ அதைத் தடுத்தால் ‘டிக் டிக்’ சத்தம், மிஸ்ஃபயர் (சிலிண்டரில் எரிபொருள் சரியாக எரியாமை), அதைக் காட்டும் பி0300 பிழைக் கோடு என்று வரிசையாக வரும். கவனிக்காமல் ஓட்டினால் லிஃப்டரின் அடியிலுள்ள ரோலர் கேம்ஷாஃப்டையே அரித்துவிடும்.

வண்டியின் கம்ப்யூட்டரோடு இணைக்கும் ஓபிடி போர்ட்டில் செருகும் சிறு கருவி, இன்ஜினை எப்போதும் எட்டு சிலிண்டரில் ஓடவைக்கும். கழற்றினால் பழைய நிலை திரும்பிவிடும். (வண்டியை வாரக்கணக்கில் நிறுத்தினால் கழற்றி வையுங்கள், பேட்டரியை மெல்லக் குடிக்கும்.) நல்ல நிலையில் உள்ள இன்ஜினுக்கு இதுவே போதும் என்பது என் கருத்து. ஆனால் உள்ளே இருப்பவை அதே லிஃப்டர்கள்தான் என்பதால், ஏற்கெனவே சத்தம் போடும் இன்ஜினை இக்கருவி குணப்படுத்தாது. அத்தகைய வண்டியில் நாங்கள் முதலில் வால்வு கவரைக் கழற்றி, கிராங்க்கைக் கையால் சுழற்றிப் பார்ப்போம். மற்ற ராக்கர்கள் (வால்வுகளை அழுத்தும் கைகள்) எழுந்து தாழ, ஒன்று மட்டும் அசையாமல் நின்றால் அதன் லிஃப்டர் போய்விட்டது என்று பொருள்.

அதன்பின் முழு மாற்றம்தான் வழி: சாதாரண லிஃப்டர்கள், அவற்றைப் பிடித்துவைக்கும் டிரேக்கள், அதற்குரிய கேம்ஷாஃப்ட், சோலினாய்டுகள் இல்லாத வேலி கவர் (valley cover, இரு சிலிண்டர் வரிசைகளுக்கு நடுவிலுள்ள பள்ளத்தின் மூடி), ஆயில் பேனில் உள்ள ரிலீஃப் வால்வுக்கு அடைப்பு, கம்ப்யூட்டருக்கு மறுபுரோகிராமிங். செலவைக் குறைக்கப் பழைய கேமையே வைத்துக்கொள்ளச் சொல்பவரிடம் வண்டியை விடாதீர்கள்; அந்தக் கேமின் வடிவம் ஏஎஃப்எம் லிஃப்டர்களுக்காகச் செதுக்கப்பட்டது.

2019 முதல் சில மாடல்களில் ஏஎஃப்எம்முக்குப் பதிலாக வந்த டைனமிக் ஃப்யூயல் மேனேஜ்மென்ட்டில் பதினாறு லிஃப்டர்களுமே அமுங்கும் வகை, சிலிண்டர்கள் இயங்கும் முறைகளும் 17. எனவே பழைய வண்டிக்கான கருவியை அதில் செருகக் கூடாது. மறுபுரோகிராமிங் செய்வோர் வாரண்டியையும், உமிழ்வுக் கட்டுப்பாட்டைக் குலைப்பதைத் தடைசெய்யும் அமெரிக்கத் தூய காற்றுச் சட்டத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும். குறிப்பாகக் கலிபோர்னியாவில், மாநில அங்கீகாரம் பெறாத மாற்றம் ஸ்மாக் சோதனையில் (வாகனப் புகைச் சோதனை) மாட்டிக்கொள்ளும்.