சாலைக்கு மேலே ஒரு தீயணைப்புக் குழாய்

பினாங்குத் தீவின் தெலுக் பஹாங்கில் சாலைக்கு மேலே, இந்தப் பக்கத்து மரத்துக்கும் அந்தப் பக்கத்து மரத்துக்குமாக ஒரு பாலம் தொங்குகிறது. பழைய தீயணைப்புக் குழாயில் செய்தது. காரில் போகிறவர்கள் பலர் அதை ஏதோ கேபிள் என்றே நினைத்திருப்பார்கள். குரங்குகள் சாலையைக் கடப்பதற்காக, குரங்கு ஆராய்ச்சியாளர் யாப் ஜோ லீன் தொடங்கிய ‘லங்குர் புரோஜெக்ட் பினாங்கு’ குழு 2019இல் கட்டியது அது. பெயர் ‘ஆ லாய் கிராசிங்’. ஆ லாய் என்பது அங்கிருந்த கூட்டத்தின் தலைவன், ஓர் ஆண் குரங்கு.

எந்தக் குரங்கு? தண்ணீர்மலை கோயிலுக்குப் போகும் வழியில் கையிலிருக்கும் வாழைப்பழத்தைப் பிடுங்கிக்கொண்டு ஓடுமே, அதுவல்ல. அது நீண்டவால் குரங்கு. நாம் பேசுவது உயரக் கிளையில் உட்கார்ந்து, கண்ணைச் சுற்றிய வெள்ளை வளையத்தோடு நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கும் கருஞ்சாம்பல் நிற இலைக்குரங்கு. மலாய்க்காரர்கள் லோத்தோங் என்பார்கள். குட்டி மட்டும் பளிச்சென்ற ஆரஞ்சு நிறத்தில் பிறந்து, சில மாதங்களில் கறுத்துவிடும். அழியும் ஆபத்தில் உள்ள இனங்களின் பட்டியலில் இது இருக்கிறது.

வாழ்க்கை முழுக்க மரத்தின் மேல்தான். ஆனால் சாலையை அகலப்படுத்தும்போது இரண்டு பக்கத்துக் கிளைகளும் விலகிப்போகின்றன. தாவ முடியாத இடைவெளி வந்ததும் குரங்குக்கு இரண்டே வழி. ஒன்று, இறங்கி ஓடுவது. முதல் குரங்குக்காக நிற்கும் கார், பின்னால் இன்னும் பத்து வரும் என்று காத்திருப்பதில்லை. இன்னொன்று, மின்கம்பி. காக்கை ஒரே கம்பியில் உட்கார்ந்திருப்பதால் அதன் உடல் வழியாக மின்சாரம் பாய்வதில்லை. இலைக்குரங்குக்கோ உடலைவிட வால் நீளம். உறை இல்லாத கம்பியில் நடக்கும்போது வாலோ கையோ பக்கத்துக் கம்பியைத் தொட்டால் சுற்று முழுமையாகி உயிர் போய்விடும்.

தீயணைப்புக் குழாய் இதற்கு அருமையான பொருள். வெளியே கெட்டியான நெசவுத் துணி, உள்ளே ரப்பர். வெயில், மழை, இழுவை எல்லாவற்றையும் தாங்கும். மின்சாரத்தைக் கடத்தும் உலோகமும் இல்லை. சடை பின்னுவதுபோல முறுக்கிப் பின்னினால் கால்விரல்கள் பிடித்துக்கொள்ள மடிப்புகள் கிடைக்கும். மரம் காற்றில் ஆடும் என்பதால் விறைப்பாகக் கட்டக் கூடாது. ஆனால் லாரி உரசும் அளவுக்குத் தொய்யவும் விடக் கூடாது. மரம் பருக்கும் என்பதால் அதில் போட்ட முடிச்சை அவ்வப்போது தளர்த்திக் கட்ட வேண்டும்.

இதெல்லாம் எளிய பகுதிதான். எங்கே கட்டுவது என்பதில்தான் கதையே இருக்கிறது. குரங்குகளுக்கு வழக்கமான பாதைகள் உண்டு. எந்தக் கிளையிலிருந்து எந்தக் கிளைக்கு என்பதுவரை. பாலத்தை அந்தப் பாதையை விட்டுத் தள்ளிக் கட்டினால் அது வெறும் அலங்காரம். அந்தப் பாதையை ஓர் ஆராய்ச்சியாளர் தனியாளாகக் கண்டுபிடிக்க முடியாது. தன்னார்வலர்கள் குரங்குக் கூட்டத்தின் பின்னாலேயே நடந்து, எந்த நேரம், எந்த மரம், எத்தனை குரங்கு, குட்டி உண்டா, எந்தத் திசை என்று குறிக்கிறார்கள். அடிபட்டுச் செத்த இடங்களும் பதிவாகின்றன. புள்ளிகளை வரைபடத்தில் வைத்தால், நீண்ட சாலையில் சில இடங்களில் மட்டும் அவை குவிந்து நிற்கும். பாலம் போக வேண்டிய இடம் அதுதான். சாலையோர வீட்டு அம்மா காலையில் துணி காயப்போடும்போது பார்த்ததும் இங்கே தரவுதான். என்னைக் கேட்டால், பல நேரம் அதுதான் நல்ல தரவு. அவர் தினமும் அங்கே இருக்கிறாரே.

கட்டிய பிறகு தானியங்கிக் கேமரா காவல் இருக்கிறது. உடல் வெப்பமும் அசைவும் பட்டதும் அதுவே படம் எடுக்கும். தெலுக் பஹாங் பாலத்தில் இலைக்குரங்கு மட்டுமல்லாமல் நீண்டவால் குரங்கும் அணிலும் நடந்து போவது அப்படித்தான் பதிவானது.

சரி, பாலம் இருந்தும் குரங்கு ஏன் சில இடங்களில் சாலைக்கு இறங்குகிறது? பெரும்பாலும் நாம் போடும் தீனிக்காகத்தான். அன்பாகத்தான் தருகிறோம், ஆனால் அதன் வயிறு வேறு மாதிரி. மாட்டுக்கு இருப்பதுபோல இரைப்பை பல அறைகளாக இருக்கும். அங்கே பாக்டீரியாக்கள் இலையை மெதுவாக நொதிக்க வைக்கின்றன. பழுத்த வாழைப்பழமோ ரொட்டியோ உள்ளே போனால் நொதித்தல் கிடுகிடுவென நடந்து, அமிலம் ஏறி வயிறு உப்பிவிடும். காட்டில்கூட அது பழுத்ததைவிடக் காயைத்தான் அதிகம் தேடும்.

தஞ்சோங் பூங்கா பக்கம் லெம்பா பெர்மாயில் 2024இல் இன்னொரு பாலம் வந்தது. அங்கே சுற்றிலும் குடியிருப்புகள், அடுக்குமாடிகள். அடுத்தது உங்கள் தாமான் குடியிருப்பாகவும் இருக்கலாம். இலைக்குரங்கு சாலையைக் கடப்பதைப் பார்த்தால் வாட்ஸ்அப் குழுவில் படம் மட்டும் போடாதீர்கள். நேரம், பக்கத்து விளக்குக் கம்பத்தின் எண், எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கம் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அடிபட்டுக் கிடந்தால் தொடாமல் வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானுக்கு அழையுங்கள். அப்புறம், கிளை வெட்ட மாநகர் மன்ற ஆட்கள் வந்தால், சாலைக்கு மேலே இரண்டு மரங்கள் தொட்டுக்கொள்ளும் இடத்தைக் காட்டி, அதை மட்டும் விட்டுவைக்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள்.