இடது காதும் த்ரீ நாட் த்ரீயும்

தண்டையார்பேட்டையில காது டெஸ்ட் பண்றது தான் நம்ம பொழப்பு. ஆடியாலஜிஸ்ட்னு சொல்வாங்க, டாக்டர் இல்ல. வர்றவங்கள்ல நிறைய பேர் திருவொற்றியூர், மணலி, எண்ணூர்னு மெஷின் பக்கத்துலயே இருபது முப்பது வருஷம் நின்னவங்க, அவங்களுக்கு காது எவ்ளோ கேக்குதுன்னு கிராஃப் போட்டா ரெண்டு காதும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இறங்கி இருக்கும். போன மாசம் ஒரு பெரியவர் வந்தாரு. வலது காது சுமார், இடது காது மட்டும் 4000 ஹெர்ட்ஸ்ங்கற கீச்சு சத்தத்துக்கிட்ட ரோட்டுல பள்ளம் விழுந்த மாதிரி தொபுக்குனு இறங்கிருச்சு. "ஐயா, துப்பாக்கி சுட்டிருக்கீங்களா?"ன்னு கேட்டேன். கூட வந்த அவர் வீட்டம்மா, "இன்னா சார், ஜோசியம்லாம் பாக்குறியா"ன்னு சிரிச்சிட்டாங்க.

ஜோசியம்லாம் இல்லங்க. வலது கைக்காரர் ரைஃபிள் கட்டைய வலது தோள்ல அமுக்கி கன்னத்த சாய்ச்சு குறி பாக்குறப்ப இடது காது குழல் முனைய பாத்து திரும்பிக்கும், வலது காது தலைக்கு இந்தாண்ட மறைஞ்சுக்கும். அவ்ளோ தான் சமாச்சாரம். போலீஸ் வேலையில இருந்து ரிட்டயர் ஆனவராம், ட்ரெயினிங்ல பிடிச்சது த்ரீ நாட் த்ரீ (.303) ரைஃபிள், காதுல வெச்சது பஞ்சு. பஞ்சு வெச்சா ஒண்ணும் வெக்காத மாதிரி தான்.

அந்த ரைஃபிளோட முழுப்பேரு லீ என்ஃபீல்டு. குண்ட உள்ள தள்ளிப் பூட்டுற போல்ட் மெக்கானிசத்த யோசிச்சவர் ஜேம்ஸ் பாரிஸ் லீ, செஞ்ச இடம் இங்கிலாந்துல என்ஃபீல்டுங்கற ஊர்ல இருந்த அரசு ஆயுத ஃபேக்டரி, 1895ல இருந்து. இந்தப் பேர கேட்டதும் நம்ம ஏரியா ஆளுங்களுக்கு திருவொற்றியூர் பைக் ஃபேக்டரி ஞாபகம் வரும், வரணும், ஏன்னா இங்கிலாந்துலயே ரெட்டிச்ங்கற ஊர்ல இருந்த ஒரு கம்பெனி அந்த ஆயுத ஃபேக்டரிக்கு பார்ட்ஸ் செஞ்சு குடுத்துச்சு, அந்தப் பெருமையில தான் தன்னோட சைக்கிளுக்கு ராயல் என்ஃபீல்டுன்னு பேரு வெச்சுச்சு, அப்புறம் பைக் வந்து, 1955ல புல்லட் நம்ம ஊர்ல செட்டில் ஆச்சு. சின்ன வயசுல நாம ஓட்டுன பிஎஸ்ஏ சைக்கிளோட பிஎஸ்ஏ கூட பர்மிங்காம் ஸ்மால் ஆர்ம்ஸ் தான். அவங்களும் இதே ரைஃபிள லட்சக்கணக்குல செஞ்சவங்க! ஆஸ்திரேலியாவுல லித்கோ, கனடாவுல லாங் பிராஞ்ச், அமெரிக்காவுல சாவேஜ்னு பல நாட்டுல செஞ்சாங்க. இந்தியாவுல கொல்கத்தா பக்கம் இஷாப்பூர். 1962 சீனப் போருக்கு அப்புறம் இஷாப்பூர்ல அதே டிசைன்ல 7.62 மி.மீ. குண்டு போடுற மாதிரி ஒண்ணு செஞ்சாங்க, மேகசின்ல 10க்கு பதிலா 12 குண்டு.

பழசு தானே, மியூசியத்துக்கு போயிருக்கும்னு நெனைக்காதீங்க. 2008 மும்பை தாக்குதலப்ப சிஎஸ்டி ரயில்வே ஸ்டேஷன் போலீஸ்காரங்க கையில இது தான் இருந்துச்சு. உத்தரப்பிரதேச போலீஸ் இதுக்கு டாட்டா சொன்னது 2020 குடியரசு தினத்துல தான். கனடாவுல பனிக்காட்டுல ரோந்து போற ரேஞ்சர்ஸும் ரொம்ப வருஷம் இதையே வெச்சிருந்தாங்க, ஏன்னா அந்தக் குளிர்லயும் மக்கர் பண்ணாது. நம்ம நாட்டுல சாதாரண ஆளுக்கு த்ரீ நாட் த்ரீக்கு லைசென்ஸ் தர மாட்டாங்க, அதே பாணியில .315 ரைஃபிள் தான் கிடைக்கும். காதுக்கு அது ஒண்ணும் சாதுவான சத்தம் இல்ல.

எவ்ளோ சத்தம்னா, 85 டெசிபல்ல தினமும் 8 மணி நேரம் நின்னா காது மெல்ல மெல்ல போகும். ரைஃபிள் ஒரு தோட்டாவுக்கே 150ஐ தாண்டிடும், 140க்கு மேல போனா ஒரே ஒரு வெடிச் சத்தம் போதும் காதக் கெடுக்க. உள்காதுல இருக்கற முடி மாதிரி செல்லு ஒடைஞ்சா திரும்ப மொளைக்காது, தலைமுடி மாதிரி இல்ல அது. பேச்சுல ச, த, ஃப மாதிரி மெல்லிசு சத்தம் தான் முதல்ல காணாமப் போகும், அதனால "கேக்குது ஆனா புரியல"ன்னு சொல்வாங்க. வீட்டுல இருக்கறவங்க அத வேணும்னே பண்றாருன்னு நெனைச்சுப்பாங்க, இந்தம்மாவும் அப்டித்தான் நெனைச்சிருக்காங்க, பாவம், ரெண்டு பேருமே.

"குக்கர் தூரத்துல விசில் அடிக்கிற மாரி ஙொய்யினு கேக்குது சார், ராவுல தான் ஜாஸ்தி." பெரியவருக்கு முப்பது வருஷமா கேக்குதாம். ஃபயரிங் முடிஞ்ச அன்னிக்கு ஆரம்பிச்சுது, ரெண்டு நாள்ல சரியாப் பூடும்னு சொன்னாங்களாம், விட்டுட்டாரு. இங்க தான் எனக்கு கோவம் வரும். வெடி, துப்பாக்கி எதுவா இருந்தாலும் சுட்டப்புறம் காது அடைச்சா, ஙொய்யினு கேட்டா, அன்னிக்கோ மறுநாளோ காது மூக்கு தொண்டை டாக்டர பாத்துடுங்க, சீக்கிரம் போனா மருந்து குடுத்து பாக்க சான்ஸ் உண்டு. ஸ்டான்லி ஆஸ்பத்திரி பக்கத்துலயே இருக்கு. எண்ணெய் காய்ச்சி ஊத்தாதீங்க.

நாங்க பேசிட்டு இருந்தப்ப அவரோட பேரன் வெளிய பெஞ்சுல உக்காந்து செல்லு நோண்டிட்டு இருந்தான். ரைஃபிள் கிளப்ல சேந்திருக்கானாம், .22 ரைஃபிள் தான், "அது சின்னது சார்"னான். சின்னது தான், காதுக்கு இல்ல. ஃபோம் பிளக்க மெல்லிசா உருட்டி, இன்னொரு கையால காத மேல தூக்கிப் பிடிச்சு, உள்ள விட்டு அரை நிமிஷம் விரல எடுக்காம வெச்சிருக்கணும்னு அவன் காதுலயே செஞ்சு காமிச்சேன். அதுக்கு மேல இயர்மஃபும் போட்டுக்கன்னு சொன்னேன். தாத்தா ஒண்ணும் பேசாம பாத்துட்டே இருந்தாரு.

ஹியரிங் எய்டு இடது காதுக்கு ட்ரையல் குடுத்திருக்கேன். அது பழகற வரைக்கும் வலது பக்கமா வந்து பேசும்மான்னு வீட்டம்மாகிட்ட சொன்னேன். "நாப்பது வருசமா இந்தப் பக்கம் தான் படுக்குறேன் சார்"னு இடது பக்கத்த காட்டுனாங்க.