மதர்போர்டுக்குள் ஓடும் 100 ஆம்பியர்

சிங்கப்பூர் வீடுகளில் நாம் பயன்படுத்தும் மூன்று கால் பிளக்குக்குள் ஒரு சின்ன ஃபியூஸ் இருக்கிறது. அது தாங்குவது அதிகபட்சம் 13 ஆம்பியர். அதைத் தாண்டி மின்சாரம் ஓடினால் ஃபியூஸ் எரிந்து வீட்டைக் காப்பாற்றும். அதே பிளக்கில் செருகிய கணினியைத் திறந்தால், உள்ளே கணக்குகளைச் செய்யும் பிராசசரை ஒட்டியிருக்கும் சின்ன இடத்தில், அது கடுமையாக வேலை செய்யும்போது 100 ஆம்பியருக்கு மேல்கூட ஓடும்.

கணக்கு எளிதுதான். வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் வாட். 120 வாட் தேவைப்படும் ஒரு பிராசசருக்குச் சுவரிலிருந்து 230 வோல்ட்டில் எடுத்தால் அரை ஆம்பியர் போதும். ஆனால் இன்றைய பிராசசருக்குள் இருக்கும் டிரான்சிஸ்டர்கள் மிக நுண்ணியவை, 1.2 வோல்ட் அளவில்தான் வேலை செய்யும். வோல்ட் இவ்வளவு இறங்கினால் ஆம்பியர் ஏறித்தான் ஆகவேண்டும்: 120 வாட், 1.2 வோல்ட், 100 ஆம்பியர். இந்த மாற்றத்தின் கடைசிக் கட்டம் நடக்கும் இடம், கணினியின் எல்லாப் பாகங்களையும் இணைக்கும் பெரிய சர்க்யூட் பலகையான மதர்போர்டு.

புதிதாகக் கணினி கட்டுபவர்கள் பலர் 'வேகமான' மதர்போர்டு எது என்று தேடுகிறார்கள். மதர்போர்டு எதையும் கணக்கிடுவதில்லை. ஒரே பிராசசரை 200 வெள்ளி போர்டில் மாட்டினாலும் 600 வெள்ளி போர்டில் மாட்டினாலும், மின்சாரம் போதுமான அளவு வந்தால் வேகம் கிட்டத்தட்ட ஒன்றுதான். மின்சாரத்தைச் சீராகக் கொடுப்பது, சிக்னலைச் சிதையாமல் கொண்டுபோவது, இந்த இரண்டும்தான் போர்டின் தலையாய வேலை. இவற்றை எப்படிச் செய்கிறது என்று தெரிந்தால் எதற்குக் காசு கொடுக்கலாம், எதற்குக் கொடுக்க வேண்டாம் என்பது தானாகவே தெரிந்துவிடும்.

முதலில் மின்சாரம். பவர் சப்ளை 230 வோல்ட்டை 12 வோல்ட்டாக்கி அனுப்புகிறது. அது 8 பின் கேபிள் வழியாகப் பெரும்பாலும் போர்டின் மேல் இடது மூலையில் வந்து சேரும். அங்கிருந்து பிராசசர் வரைக்கும் வரிசையாக நிற்கும் கறுப்புச் சதுரங்களும் அவற்றை ஒட்டி வெப்பத்தை வெளியேற்றும் உலோக ஹீட்சிங்க்கும் சேர்ந்ததுதான் வோல்டேஜ் ரெகுலேட்டர் மாட்யூல், சுருக்கமாக விஆர்எம்.

12 வோல்ட்டை 1.2 வோல்ட்டாக்க அது செய்வது ஒரு சுவிட்சை வேகமாகப் போட்டு அணைப்பது. மாஸ்ஃபெட் என்னும் மின்னணுச் சுவிட்ச் ஒரு நொடிக்குச் சில லட்சம் முறை இயங்குகிறது. ஒவ்வொரு சுற்றிலும் பத்தில் ஒரு பங்கு நேரம் மட்டும் 12 வோல்ட்டைத் திறந்துவிடும், மீதி நேரம் அடைத்துவிடும். சராசரி 1.2 வோல்ட். ஆனால் இப்படித் துண்டு துண்டாக வருவதை பிராசசருக்கு அப்படியே கொடுக்க முடியாது. அதனால் அடுத்து ஒரு கம்பிச்சுருள் வருகிறது. நீங்கள் பார்க்கும் கறுப்புச் சதுரம் அதுதான். சுருளுக்குள் ஓடும் மின்சாரம் சட்டென்று ஏறவோ இறங்கவோ முடியாது. அதனால் துண்டுகள் ஒன்றாகி ஓட்டம் சீராகிறது. மிச்சமிருக்கும் ஏற்ற இறக்கத்தை மின்தேக்கிகள் ஏற்றுக்கொள்கின்றன.

மின்தேக்கிகளுக்கு இன்னொரு முக்கியமான பொறுப்பும் உண்டு. சும்மா இருக்கும் பிராசசர் திடீரென்று ஒரு பெரிய வேலையைத் தொடங்கும்போது, மைக்ரோநொடிக்குள் அதன் தேவை பல மடங்கு எகிறும். சுருளால் அவ்வளவு விரைவாக ஈடுகொடுக்க முடியாது. அந்த இடைவெளியில் பிராசசருக்குக் கைகொடுப்பது மின்தேக்கிகளில் சேர்ந்திருக்கும் மின்னூட்டம். அது போதாவிட்டால் வோல்ட் சரியும், டிரான்சிஸ்டர்கள் தவறான விடையைத் தரும், கணினி காரணமே சொல்லாமல் திரும்பத் தொடங்கும். விளையாட்டின் நடுவே அப்படி நின்றால் பலரும் ரேமையோ விண்டோஸையோ சந்தேகப்படுவார்கள். விஆர்எம் யார் நினைவுக்கும் வருவதில்லை.

சரி, ஒரே சுவிட்ச், ஒரே சுருள் வைத்து 100 ஆம்பியரையும் அனுப்பினால் என்ன? மின்தடையால் வீணாகும் சக்தி, ஆம்பியரின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். 100 ஆம்பியரைப் பத்து வழிகளில் பத்துப் பத்தாகப் பிரித்தால், ஒவ்வொரு வழியிலும் இழப்பு நூறில் ஒரு பங்காகிறது; பத்தையும் கூட்டினாலும் மொத்த இழப்பு பத்தில் ஒரு பங்குதான். இந்த வழிகளைத்தான் 'பேஸ்' என்கிறார்கள். எல்லாச் சுவிட்சுகளும் ஒரே நேரத்தில் திறக்காமல் ஒன்றன்பின் ஒன்றாகத் திறப்பதால் ஏற்ற இறக்கமும் ஒன்றையொன்று சமன்செய்துகொள்கிறது. ரொம்ப அழகான ஏற்பாடு இது.

சிம் லிம் ஸ்கொயரில் "அங்கிள், இதுல எத்தனை பேஸ்?" என்று கேட்கும் தொழிற்கல்லூரிப் பிள்ளைகள் சரியான கேள்வியைத்தான் கேட்கிறார்கள். ஆனால் பெட்டியில் 14+2+1 என்று போட்டிருப்பதை மட்டும் வைத்து முடிவெடுக்க முடியாது. சில போர்டுகளில் இரண்டிரண்டு சுருள்கள் ஒரே கட்டளைக்குச் சேர்ந்து இயங்கும். அப்போது 14 என்பது உண்மையில் 7 ஜோடி. வெப்பம் பிரிவது நல்லதுதான், ஆனால் ஏற்ற இறக்கம் 14 வழிகளின் அளவுக்குக் குறையாது. ஒவ்வொரு சுவிட்சும் எத்தனை ஆம்பியர் தாங்கும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

எவ்வளவு வேண்டும் என்பது பிராசசரைப் பொறுத்தது. ஏஎம்டி நிறுவனம் 65 வாட் என்று குறிப்பிடும் ரைசன் பிராசசர் 88 வாட் வரை எடுக்கும். 170 வாட் ரைசன் 230 வரை போகும். இன்டெல் கோர் ஐ9-14900கே 253 வாட்டைத் தொடும், அதாவது 200 ஆம்பியர் அளவில். 65 வாட் பிராசசர் வாங்குபவர் 16 பேஸ் போர்டுக்குச் செலவழிப்பது வீண். அந்தப் பணத்தை ரேமிலோ கிராஃபிக்ஸ் கார்டிலோ போடலாம்.

இங்கே நம் ஊர் வானிலையும் கணக்கில் சேர்கிறது. இணையத்தில் வரும் சோதனைகள் பல, 20 டிகிரிக்குச் சற்று மேலே இருக்கும் அறைகளில் செய்தவை. நம் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுப் படுக்கையறையில் ஏர்கான் போடாத மதியம் 31, 32 டிகிரி சாதாரணம். அந்தப் பத்து டிகிரி அப்படியே விஆர்எம் மேல் ஏறும். பிராசசருக்கு 120 வாட் போகும்போது விஆர்எம்மிலேயே பத்து வாட் அளவு வெப்பமாகிவிடும். மாஸ்ஃபெட்கள் 100 டிகிரியையும் தாங்கும், கவலை அவற்றைப் பற்றியதல்ல. பக்கத்தில் இருக்கும் மின்தேக்கிகளைப் பற்றியது. திட பாலிமர் மின்தேக்கிக்கு 105 டிகிரியில் 5,000 மணி நேரம் ஆயுள் என்று போட்டிருந்தால், 85 டிகிரியில் அது 50,000 மணி நேரம் உழைக்கும் என்பது பொறியாளர்கள் பயன்படுத்தும் தோராயக் கணக்கு. இந்தக் கணக்கின்படி பத்து டிகிரி கூடினால் ஆயுள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகிறது. ஆகவே இங்கே போர்டு வாங்கும்போது விஆர்எம் மேல் கனமான, இடைவெளிகள் வெட்டிய ஹீட்சிங்க் இருக்கிறதா என்று பார்ப்பது அவசியம். அழகுக்கு மூடிய பிளாஸ்டிக் தகடு காற்றைத் தடுக்கும், அவ்வளவுதான். கேஸின் பின்பக்க விசிறியையும் மறக்காதீர்கள்.

அடுத்து சிக்னல். போர்டில் பிராசசருக்கும் ரேமுக்கும் நடுவே செம்புக் கோடுகள் சில இடங்களில் பாம்பு போல வளைந்து வளைந்து போவதைக் கவனித்திருப்பீர்கள். டிடிஆர்5-6000 ரேமில் ஒவ்வொரு கோட்டிலும் ஒரு நொடிக்கு 600 கோடி பிட்கள் போகின்றன. ஒரு பிட்டுக்குக் கிடைக்கும் நேரம் நானோநொடியில் ஆறில் ஒரு பங்கு. போர்டில் சிக்னல் ஒரு நானோநொடிக்குச் சுமார் 15 சென்டிமீட்டர்தான் போகும். அப்படியென்றால் ஒரு பிட்டின் 'நீளம்' இரண்டரை சென்டிமீட்டர். ஒரு பிட் ரேமைப் போய்ச் சேருவதற்குள் அடுத்தது கிளம்பிவிடுகிறது! கோடுகளின் நீளத்தில் சில மில்லிமீட்டர் வித்தியாசம் இருந்தாலும் பிட்கள் வரிசை குலைந்து வரும். அதனால்தான் கிட்டத்தில் இருக்கும் கோடுகளை வேண்டுமென்றே வளைத்து, தூரத்துக் கோடுகளுக்குச் சமமாக்குகிறார்கள்.

ரேமை எந்தத் துளையில் மாட்டுவது என்பதற்கும் இதுவே காரணம். நான்கு துளை இருக்கும் பெரும்பாலான போர்டுகளில் துளைகள் இரண்டிரண்டாக இணைந்திருக்கும்; ஒவ்வொரு ஜோடியிலும் கோடு முதல் துளையைத் தொட்டுவிட்டு இரண்டாவதுக்குப் போகிறது. இரண்டு ரேம் மட்டும் இருந்தால் பிராசசரிலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது துளைகளில் போடவேண்டும். முதல் துளையில் போட்டால் மிச்சக் கோடு வெறுமனே நீண்டு நிற்கும். அதன் முனையில் சிக்னல் மோதித் திரும்பிவந்து அடுத்த பிட்டைக் கெடுக்கும். நான்கையும் நிரப்பினால் சுமை கூடி வேகம் விழும்: ரைசன் 7000 வரிசைக்கு ஏஎம்டி உறுதி சொல்லும் வேகம் இரண்டு ரேமுடன் 5200, நான்குடன் 3600. 32 ஜிபி வேண்டுமென்றால் 16 ஆக இரண்டு வாங்குங்கள், 8 ஆக நான்கு வேண்டாம்.

சிப்செட் விஷயத்தில்தான் விளம்பரம் அதிகம் பேசும். சிப்செட் என்பது மற்றப் பாகங்களை பிராசசரோடு இணைக்கும் துணைச் சிப்; பி650 என்பது அப்படிப்பட்ட ஓர் ஏஎம்டி சிப்செட். பி650 போர்டில் கிராஃபிக்ஸ் கார்டும், தகவல் சேமிக்கும் முதல் எஸ்எஸ்டியும் பிராசசரோடு நேராகப் பேசுகின்றன. சாட்டா கேபிளில் மாட்டும் டிஸ்க், நெட்வொர்க், பல யுஎஸ்பி துளைகள், கூடுதல் எஸ்எஸ்டி எல்லாம் சிப்செட்டில் சேர்ந்து, அங்கிருந்து நான்கு வழிப் பாதை ஒன்றில் பிராசசருக்குப் போகின்றன. அதன் கொள்ளளவு நொடிக்கு சுமார் 8 ஜிகாபைட். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஜொகூர் கடற்பாலம் மாதிரிதான்: எத்தனை சாலைகளிலிருந்து வண்டி வந்தாலும் எல்லாம் அந்த ஒரே பாலத்தில்தான் நெருக்கியடிக்கும். வேகமான எஸ்எஸ்டி ஒன்றே நொடிக்கு 7 ஜிகாபைட் கேட்கும். அதனால் முக்கியமான எஸ்எஸ்டியை பிராசசருக்குப் பக்கத்துத் துளையில் போடுங்கள். சில போர்டுகளில், எஸ்எஸ்டி மாட்டும் எம்.2 துளைகளில் இரண்டாவதை நிரப்பினால் சாட்டா துளைகள் சில வேலை செய்யாமல் போகும். இது கையேட்டில் ஒரு வரியாக இருக்கும், வாங்குவதற்கு முன்பே படித்துவிடுங்கள்.

வீட்டுக்கு 10 ஜிகாபிட் இணையத் திட்டங்கள் இங்கே வந்துவிட்டன. ஆனால் நடுத்தர விலை போர்டுகளில் இருப்பது பெரும்பாலும் 2.5 ஜிகாபிட் துளை. நாலு மடங்கு வேகத்துக்கு மாதாமாதம் பணம் கட்டுவதற்கு முன் இதைப் பாருங்கள். புது வீவக வீடுகளின் தடித்த வீட்டுக் காப்பறைச் சுவரைத் தாண்டி வைஃபை வரவேண்டியிருந்தால், போர்டோடு வரும் ஆன்டெனாவைப் பெட்டியிலேயே விட்டுவிடாமல் மாட்டுங்கள்.

பிராசசரை மாட்டும் இடமான சாக்கெட்டைப் பற்றி ஒரு வார்த்தை. 2022-இல் வந்த ஏஎம்5-ஐ 2027 வரையாவது தொடர்வதாக ஏஎம்டி சொல்லியிருக்கிறது; இன்டெல் எல்ஜிஏ1700-ஐ மூன்று தலைமுறைகளுக்குப் பிறகு 2024-இல் எல்ஜிஏ1851-க்கு மாற்றிவிட்டது. பின்னால் பிராசசரை மட்டும் மாற்ற நினைப்பவருக்கு நான் ஏஎம்5-ஐத்தான் சொல்வேன். அளவில், மேசை சிறியதென்றால் 244 மில்லிமீட்டர் சதுர மைக்ரோ ஏடிஎக்ஸ் என்னும் சிறிய போர்டு தாராளமாகப் போதும்.

அப்புறம், கடையில் காசு கொடுப்பதற்கு முன் போர்டைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். ஏஎம்5 சாக்கெட்டில் முடி மாதிரி 1,718 பின்கள் இருக்கும். கைபேசி வெளிச்சத்தைச் சாய்வாக அடித்தால் எல்லாம் ஒரே மாதிரி மின்னவேண்டும். எங்கேயாவது ஒரு புள்ளி வேறு திசையில் மின்னினால் அந்தப் பின் வளைந்திருக்கிறது, அந்தப் போர்டு வேண்டாம். வளைந்த பின்னுக்கு வாரண்டி கிடைப்பது கடினம். சாக்கெட்டின் மேல் வரும் பிளாஸ்டிக் மூடியையும் தூக்கி எறியாதீர்கள், போர்டைத் திருப்பி அனுப்ப நேர்ந்தால் அதைக் கேட்பார்கள்.