ஷஃபிள் என்றால் குலுக்கல் இல்லை

ராக் இசை பற்றித் தமிழில் எழுதுகிறவர்கள் 'ஷஃபிள்' என்றாலே 'குலுக்கல் தாளம்' என்று போட்டுவிடுகிறார்கள். என்ன, பரிசுச்சீட்டா? செல்போனில் பாட்டுகளை மாற்றிமாற்றிப் போடும் பொத்தானுக்குக் குலுக்கல் சரி. தாளத்துக்கு எப்படிப் பொருந்தும்?

அந்த ஆங்கிலச் சொல்லுக்குச் சீட்டைக் கலைப்பது என்றும் பொருள், காலைத் தரையில் தேய்த்து நடப்பது என்றும் பொருள். தாளத்துக்குப் பெயர் தந்தது தேய்ப்பு. அமெரிக்கக் கறுப்பின மக்களின் ப்ளூஸ் இசை வழியாக ராக்குக்கு வந்தது.

'தகிட தகிட' சொல்லிப் பாருங்கள். 'கி'யை விழுங்கிவிட்டு, அந்த இடத்தையும் 'த'வுக்கே கொடுங்கள். அதுதான் ஷஃபிள்.

"அப்போ திஸ்ர நடைன்னே சொல்லிடலாமே" என்பார்கள் எங்கள் தஞ்சாவூர்ப் பக்கத்தில், ஓர் எண்ணிக்கைக்கு மூன்று சொல் விழும் நடையை நினைத்து. கூடாது. தவில்காரர் விரலில் கூடு மாட்டித் திஸ்ரம் வாசித்தால் மூன்று சொல்லும் முத்துமுத்தாக விழும். ஷஃபிளில் நடுச்சொல் இருக்காது, இருந்தாலும் ஒளிந்திருக்கும்.

டோட்டோ என்ற அமெரிக்க ராக் குழுவின் 'ரோசன்னா' (1982) கேளுங்கள். டிரம்ஸ் ஜெஃப் போர்க்காரோ. அமெரிக்க டிரம்மர் பெர்னார்ட் பர்டியின் ஷஃபிள், லெட் செப்பலின் டிரம்மர் ஜான் பானம் வாசித்த விதம், இரண்டையும் கலந்து, காலால் அடிக்கும் பாஸ் டிரம்மில் ராக் முன்னோடி போ டிட்லியின் தாளத்தை வைத்தார். ஹை-ஹாட் என்ற ஜோடித் தட்டில் 'த'வும் 'ட'வும். 'கி'யை ஸ்னேர் என்ற சிறு டிரம்மில் இடக்கை பட்டும் படாமலும் தொட்டுப்போகும். ஓங்கிய அடி நான்கில் மூன்றாம் எண்ணிக்கையில் மட்டும், அதனால் பாட்டு பாதி வேகத்தில் போவதுபோல் இருக்கும். ஃபங்க், ராக், பழைய ரிதம் அண்ட் ப்ளூஸ் எல்லாம் ஒரு நடைக்குள் அடங்கிவிட்டன. ஒவ்வோர் அடியும் கணக்கு. குலுக்கல் எங்கே வந்தது?

'தேய்நடை' என்பேன். தேய்த்த, தேய்க்கிற, தேய்க்கும் நடை: சுத்தமான வினைத்தொகை. 'நடை' ஏற்கெனவே தவில்காரர் வாயில் புழங்குவது. தேய்பிறை மாதிரி அமங்கலமாக இருக்கிறது என்றார் கும்பகோணத்து நண்பர் ஒருவர். மங்கலம் பார்த்தால் முகாரியைப் பாடவே முடியாது. பிடிக்காவிட்டால் ஷஃபிள் என்றே எழுதுங்கள், வழக்கில் உள்ள சொல்தானே.

அகராதியில் கண்ணில் பட்ட முதல் பொருளை எடுத்துக்கொண்டு ஓடுவதுதான் எரிச்சல். பாட்டைக் கேட்காமலேயே மொழிபெயர்க்கிறார்கள். ஹெவி மெட்டலை 'கன உலோக இசை' ஆக்கியதும் இந்தக் கூட்டம்தான். அப்படி ஒரு கட்டுரையின் தலைப்பைப் பார்த்துவிட்டு, காவிரியில் கலக்கும் ஆலைக்கழிவு பற்றிய கட்டுரை என்றுதான் படிக்க உட்கார்ந்தேன்.