நீள்வட்டம் என்று நம்பி உருளைக்கிழங்கை வரையாதீர்கள்

போன வாரம் குடியாத்தம் பக்கத்திலிருந்து ஒரு மாந்தோப்புக்காரர் பென்டிரைவோடு வந்தார். தோப்பில் முட்டை வடிவில், அதாவது நீள்வட்டமாக, ஒரு பண்ணைக்குட்டை வெட்டப் போகிறார். நீளம் 60 மீட்டர், அகலம் 40 மீட்டர். படம் போட்டுக் கொடுத்த பையன் குட்டையைப் பக்கத்துப் பட்டாக்காரரின் கிணறு வரை கொண்டுபோய் விட்டிருந்தான். பக்கத்துக்காரர் அந்தத் தாளைப் பார்த்துவிட்டு வரப்பில் நின்று சத்தம் போட்டிருக்கிறார். "இன்னும் கடப்பாரையே எடுக்கல சார், அதுக்குள்ள சண்டை. இன்னான்னு பாருங்க" என்றார்.

கோப்பைத் திறந்தேன். 46 சென்ட்டுக்குச் சற்று மேலே வரவேண்டிய குட்டை, முதலில் 1 ஏக்கர் 85 சென்ட்டில் வரையப்பட்டிருந்தது. இந்த வருடம் இது எத்தனையாவது என்று எண்ணுவதை விட்டுவிட்டேன். அதனால்தான் எழுதுகிறேன்.

நடந்தது சின்ன விஷயம். கியூஜிஐஎஸ் என்கிற வரைபட மென்பொருளில், நீள்வட்டம் போட்டுக் கொடுக்கும் மேக் எலிப்ஸ் என்கிற சார்பு (ஃபங்ஷன்) கேட்பது அரை அச்சு, அதாவது மையத்திலிருந்து ஓரம் வரை உள்ள தூரம். பையன் 60, 40 என்று கொடுத்துவிட்டான். 120க்கு 80 என்று வந்து பரப்பு நாலு மடங்காகிவிட்டது. 30, 20 என்று கொடுத்திருக்க வேண்டும். அவனை மட்டும் திட்டவும் முடியாது. அதே மென்பொருளின் பிராசஸிங் பெட்டியில் புள்ளியை வைத்து ஓவல் போடும் கருவி முழு அகலத்தையும் முழு உயரத்தையும் கேட்கும். கட்டடப் படம் வரைகிறவர்களின் ஆட்டோகேட் மென்பொருள் இன்னும் வேடிக்கை: வழக்கமான முறையில் முதல் அச்சை முனைக்கு முனை முழுசாக வாங்கிக்கொண்டு, இரண்டாவதை மையத்திலிருந்து பாதியாகக் கேட்கும். எதில் வரைந்தாலும் சரி, வரைந்ததும் அளக்கும் கருவியை எடுத்துக் குறுக்கே ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். பத்து நொடி வேலை.

இதோடு நின்றிருந்தால் நானும் சும்மா இருந்திருப்பேன். படம் பெரிதாக வந்துவிட்டதைப் பையனே கவனித்திருக்கிறான். கவனித்து, ஓரத்துப் புள்ளிகளை ஒவ்வொன்றாகப் பிடித்து உள்ளே இழுத்திருக்கிறான். கேட்டால், "நீள்வட்டம்தானே சார், ஒரு பக்கம் இழுத்தா மத்த பக்கம் தானா சரியாயிடும்னு நினைச்சேன்" என்கிறான்.

ஆகாது தம்பி. ஆகவே ஆகாது.

நீங்கள் வரைந்தது, கியூஜிஐஎஸ்ஸின் அடுக்கில் (லேயர்) போய் விழுந்த நொடியிலிருந்து நீள்வட்டம் இல்லை. அது ஒரு பலகோணம். வேறெதுவும் சொல்லாவிட்டால் அந்தச் சார்பு 36 துண்டு நேர்கோடுகளைச் சுற்றி வைத்து மூடிவிடும், அவ்வளவுதான். மையம் எது, அச்சு எவ்வளவு, எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதெல்லாம் கோப்பில் எங்கும் இருக்காது. அடுக்கைச் சேமிக்கும் கோப்பு வகைகளில், ஷேப்ஃபைலுக்கு வளைவு என்றாலே என்னவென்று தெரியாது. ஜியோபேக்கேஜில் வட்ட வில்லுக்கு இடம் உண்டு, நீள்வட்ட வில்லுக்கு இல்லை. வாசலில் கோலம் போட்டவருக்குத்தான் அது தாமரை. தரைக்குத் தெரிந்தது மாவு மட்டும். ஒரு புள்ளியை இழுத்தால் அந்த ஒரு புள்ளிதான் நகரும், அதன் இரண்டு பக்கத்துக் கோடுகள் மட்டும் கூடவே வளைந்து கொடுக்கும். மற்ற 35 புள்ளிகளும் கல் மாதிரி இருக்கும். பத்து இடத்தில் இழுத்தால் கிடைப்பது உருளைக்கிழங்கு.

இந்த நம்பிக்கை எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். ஆட்டோகேட்டில் நீள்வட்டம் நிஜமாகவே நீள்வட்டமாகத்தான் இருக்கும். மையத்தில் ஒரு பிடி, நாலு முனைகளில் நாலு பிடி. ஒன்றை இழுத்தால் அச்சே மாறும், வடிவம் கெடாது. அந்தக் கைப்பழக்கத்தை அப்படியே இங்கே கொண்டுவருகிறார்கள். அங்கிருந்து ஷேப்ஃபைலாக மாற்றி எடுத்துவந்தாலும் வழியிலேயே துண்டு துண்டாகிவிடும். திரையில் தூரத்திலிருந்து பார்த்தால் வழவழவென்றுதான் தெரியும். பெரிதாக்கிப் பாருங்கள், மூலை மூலையாகத் தெரியும்.

துண்டுகளைக் குறைத்து மிச்சம் பிடிக்கவும் வேண்டாம். 36 துண்டில் பரப்பு அரை சதவீதம் குறையும், குட்டைக்கு அது போகட்டும். 8 துண்டில் பத்து சதவீதம் போய்விடும். இந்தக் குட்டையில் அது நாலரை சென்ட்.

அப்புறம் கோணம். ஆட்டோகேட் கிழக்கைச் சுழியமாக வைத்து இடஞ்சுழியாக எண்ணும். மேக் எலிப்ஸ் வடக்கைச் சுழியமாக வைத்து வலஞ்சுழியாக எண்ணும். அங்கே 30 என்றால் இங்கே 60, அதாவது 90லிருந்து கழிக்க வேண்டும். "நான் சோதிச்சுப் பார்த்தேன் சார், ரெண்டுலயும் ஒண்ணாதான் வருது" என்று ஒருவர் என்னிடம் அடித்துச் சொன்னார். 45 கொடுத்துச் சோதித்திருக்கிறார். 45, 135 மாதிரிக் கோணங்கள் மட்டும்தான் இரண்டிலும் ஒன்றாக வரும்.

ஆயத்தொலைவு முறையை, அதாவது அடுக்கு இடத்தைப் பாகையில் குறிக்கிறதா மீட்டரில் குறிக்கிறதா என்பதை, பார்க்காமல் வரைபவர்களுக்கு என்ன சொல்வது! அடுக்கு பாகையில் (டிகிரி) இருக்கும்போது 30, 20 என்று கொடுத்தால் அது 30 பாகை, 20 பாகை. நீள அச்சைக் கிழக்கு மேற்காக வைத்தால், குடியாத்தத்துக் குட்டை ஏடன் வளைகுடாவில் தொடங்கி வியட்நாமில் முடியும். அது பரவாயில்லை, பார்த்ததும் தெரிந்துவிடும். 0.0003 என்று குத்துமதிப்பாகப் போடுகிறவர்கள்தான் ஆபத்து. நம் பக்கத்தில் தீர்க்கரேகையில் ஒரு பாகை சுமார் 108.5 கிலோமீட்டர், அட்சரேகையில் 110.6. வடிவம் கிழக்கு மேற்காக இரண்டு சதவீதம் நசுங்கும், கண்ணுக்குத் தெரியாது. இணைய வரைபடங்கள் பயன்படுத்தும் வெப் மெர்கேட்டர் முறையில் வைத்து 30, 20 மீட்டர் என்று போட்டால், தரையில் பரப்பு ஐந்து சதவீதத்துக்கு மேல் குறைந்துபோகும். இரண்டு சென்ட்டுக்கு மேல். வேலூர் சத்துவாச்சாரியில் இரண்டு சென்ட் என்ன விலை என்று விசாரித்துவிட்டு வாருங்கள், பிறகு பேசலாம். வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மூன்று மாவட்டங்களும் மீட்டரில் அளக்கும் யுடிஎம் முறையில் 44 வடக்கு மண்டலத்தில்தான் வருகின்றன. மென்பொருளில் அதன் குறியீட்டு எண் இபிஎஸ்ஜி 32644, எழுதி மேசையில் ஒட்டிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, புராஜெக்ட் அமைப்பில் இருக்கும் எலிப்ஸாய்டு என்பது பூமியின் வடிவம். உங்கள் குட்டையின் வடிவம் இல்லை. அங்கே போய் எவரெஸ்ட் என்கிற பூமி வடிவத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டு முட்டை மாறவில்லையே என்று காத்திருந்தவரையும் பார்த்திருக்கிறேன்.

எனவே தயவுசெய்து நீள்வட்டத்தைக் கையால் வரையாதீர்கள். மையத்தில் ஒரே ஒரு புள்ளி வையுங்கள். பண்புப் பட்டியலில் நீளம், அகலம், கோணம் என்று மூன்று பத்திகள் (ஃபீல்டு). ஸ்டைலில், புள்ளியை வேறு வடிவமாகக் காட்டும் ஜியோமெட்ரி ஜெனரேட்டரைத் தேர்ந்தெடுத்து, நீளத்தையும் அகலத்தையும் இரண்டால் வகுத்து மேக் எலிப்ஸுக்குக் கொடுங்கள். எண்ணை மாற்றினால் வடிவம் மாறும், கெடாது. அது வெறும் தோற்றம்தான் என்பதால், யாருக்காவது கொடுக்கும்போது மட்டும் ஜியோமெட்ரி பை எக்ஸ்பிரஷன் கருவியால் பலகோணமாக்கிக் கொடுங்கள். புள்ளிக் கோப்பை அழித்துவிடாதீர்கள், அதுதான் மூலம்.

தோப்புக்காரருக்கு அப்படித்தான் செய்து கொடுத்தேன். டீ வந்து ஆறுவதற்குள், "நீளத்தை 70 ஆக்கினா எவ்ளோ சார் வரும்?" என்றார். பட்டியலின் ஒரே ஒரு கட்டத்துக்குள் 60ஐ அழித்து 70 போட்டேன். 54 சென்ட். கிணறு அப்போதும் கோட்டுக்கு வெளியேதான் இருந்தது. இரண்டு பிரிண்ட் எடுத்து, ஒன்றைப் பக்கத்துக்காரருக்குக் கொடுக்கச் சொன்னேன். யோசித்துவிட்டு, "பையனுக்கும் ஒண்ணு குடுங்க சார்" என்றார்.