‘கரு தங்குதா பார்ப்போம்’ என்று மூன்று மாதம் காத்திருக்காதீர்கள்

“தங்குதான்னு பார்த்துட்டு வரலாம்னு இருந்தோம் மிஸ்ஸி.” 16 வாரம், 18 வாரம் ஆன பிறகு பிங்க் புத்தகம் (கர்ப்பகாலப் பதிவுப் புத்தகம்) போட கிளினிக்குக்கு வரும் பெண்களும், கூட வரும் மாமியார்களும் நர்ஸிடம் சொல்லும் பதில் இது. மலேசியாவின் நெகிரி செம்பிலானில், பகாவைச் சுற்றியுள்ள செம்பனைத் தோட்டங்களில் இந்தப் பழக்கம் இன்னும் விடவில்லை. வெளியே தெரிந்தால் கண்ணு பட்டுவிடும், கலைந்துபோனால் நாலு பேர் பேசுவார்கள் என்ற பயத்தில் கிளினிக்கிடமும் மறைத்துவிடுகிறார்கள். பயம் புரிகிறது. கணக்குதான் முழுக்கத் தவறு.

கரு தங்குவதற்கு மூன்று மாதம் ஆவதில்லை. முட்டையும் விந்தும் சேர்வது கருக்குழாயில். அங்கே பிரிந்து பெருகிக்கொண்டே நகர்ந்து, 4 அல்லது 5 நாளில் கருப்பைக்குள் வந்துவிடும். அப்போது அது கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத ஒரு நீர் உருண்டை. உள்ளே ஒரு பக்கமாகக் குழந்தையாகப் போகும் சில செல்கள், சுற்றிலும் நஞ்சுக்கொடியாகப் போகும் ஓர் அடுக்கு. 6, 7ஆம் நாளில் மேலுறையைக் கிழித்து வெளியே வந்து கருப்பையின் உள்சுவரில் ஒட்டும். ஒட்டிய இடத்தில் வெளி அடுக்குச் செல்கள் சுவரை அரித்து உள்ளே இறங்கும். 12 நாளுக்குள் கரு முழுவதும் புதைந்து, மேலே சுவர் மூடிக்கொள்ளும்.

அதாவது, தீட்டு தள்ளிப்போகும் சமயத்திலேயே தங்குகிற வேலை அநேகமாக முடிந்துவிடுகிறது. பார்மசியில் வாங்கும் கிட்டில் இரண்டாவது கோடு விழுவதற்குக் காரணமான எச்சிஜி ஹார்மோன், கரு ஒட்டிய பிறகுதான் தாயின் ரத்தத்துக்கே வரும். கோடு விழுந்தால் தங்கிவிட்டது. எங்கே தங்கியிருக்கிறது என்பது மட்டுமே கேள்வி. அதை வீட்டில் உட்கார்ந்து கண்டுபிடிக்க முடியாது, ஸ்கேன் வேண்டும்.

கருக்குழாயிலேயே கரு ஒட்டிவிடுவதும் உண்டு. அதற்கும் கிட்டில் அதே இரண்டு கோடுதான். கருப்பையின் தடித்த, மெத்தை போன்ற சுவர் குழாயில் கிடையாது. அரித்து இறங்கும் செல்கள் நேரே ரத்தக் குழாய்களைத் தொடும். கடைசித் தீட்டிலிருந்து 6 முதல் 8 வாரத்திலேயேகூடக் குழாய் வெடித்து வயிற்றுக்குள் ரத்தம் கொட்டலாம். இப்போது இணையத்தில் படித்துவிட்டு, “இது கரு ஒட்டும்போது வர்ற ரத்தம்தானே” என்று பேட் வைத்துக்கொண்டு படுத்துவிடுகிறார்கள். கரு ஒட்டும்போது வரும் கசிவு சில துளிதான், அதுவும் தீட்டு வரவேண்டிய நாளை ஒட்டித்தான் வரும். 7ஆம் வாரத்தில் வரும் ரத்தத்துக்கு அந்தப் பெயர் கிடையாது. அதோடு ஒரு பக்க அடிவயிற்று வலி, தோள்பட்டை நுனியில் வலி, தலைசுற்றல், மயக்கம் எது இருந்தாலும் உடனே 999க்கு அழைத்து ஆம்புலன்ஸ் கேளுங்கள். வயிற்றை எண்ணெய் போட்டு உருவிவிடாதீர்கள். தோட்டத்திலிருந்து மெயின் ரோட்டுக்கு வந்து ஆஸ்பத்திரி சேரவே எவ்வளவு நேரமாகும் என்று உங்களுக்கே தெரியும்.

நீங்கள் ‘காத்திருக்கும்’ அந்த மூன்று மாதத்தில்தான் நஞ்சுக்கொடி உருவாகிறது. நாற்றுப்பையில் செம்பனைக் கன்று வேர் பிடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். புதைந்த கருவிலிருந்தும் அப்படித்தான் விரல் விரலாகக் கிளைகள் இறங்கும். முதல் பத்து வாரம்வரை தாயின் ரத்தம் அந்தக் கிளைகளின்மேல் தாராளமாகப் பாயாது. ரத்தக் குழாய்களின் வாயைக் கருவின் செல்களே அடைத்து வைத்திருக்கும், சுவரின் சுரப்பிகள்தான் கருவுக்கு ஊட்டும். 10 முதல் 12 வாரத்தில் அடைப்பு விலகும். தாயின் ரத்தம் கிளைகளைக் குளிப்பாட்டும், ஆனால் குழந்தையின் ரத்தத்தோடு கலக்காது. கூடவே அந்தக் குழாய்களின் தசைச்சுவர் கரைந்து வாய் அகலமாக வேண்டும். இது சரியாக நடக்காமல் குழாய் குறுகலாகவே நின்றால், பிற்பாடு பிரஷர் ஏறும், குழந்தை வளராது. 34ஆம் வாரத்தில் கால் வீங்கி, தலைவலியோடு வரும் பெண்ணின் பிரச்சினை பல நேரம் இங்கே தொடங்கியதுதான்.

முந்தைய பிரசவத்தில் பிரஷர் ஏறியவர்கள், ஏற்கெனவே பிரஷர், இனிப்பு நீர் (சர்க்கரை நோய்), கிட்னி கோளாறு உள்ளவர்கள், இரட்டைக் கரு சுமப்பவர்கள் ஆகியோருக்குக் குறைந்த அளவு ஆஸ்பிரின் 12ஆம் வாரத்திலிருந்து, முடிந்தவரை 16ஆம் வாரத்துக்கு முன்பே, தொடங்க வேண்டும். 18ஆம் வாரத்தில் வந்து நின்றால் அதன் முழுப் பலன் கிடைக்கும் வாய்ப்பு கைநழுவிவிட்டது. (டாக்டர் எழுதித் தராமல் நீங்களே வாங்கி விழுங்காதீர்கள்.) ஃபோலிக் ஆசிட்டும் அப்படியே. குழந்தையின் முதுகுத்தண்டுக் குழாய் கரு உண்டான 28ஆம் நாள் வாக்கில் மூடிவிடும், அது சரியாக மூடத்தான் இந்த மாத்திரை. தினம் 400 மைக்ரோகிராம், கருத்தரிக்க ஒரு மாதம் முன்பிருந்தே. இனிப்பு நீர் உள்ளவர்களுக்கும் வலிப்பு மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் 5 மில்லிகிராம்.

மாமியார்களிடம் ஒரு வேண்டுகோள். ஆரம்பத்தில் கரு கலைந்தால், “மோட்டார்ல போனா, மாடிப்படி ஏறினா” என்று மருமகளைக் குற்றம் சொல்லாதீர்கள். ஆரம்பத்தில் கலையும் கருக்களில் ஏறக்குறைய பாதிக்கு, கரு உருவானபோதே குரோமோசோம் கணக்குத் தவறியதுதான் காரணம். அவள் கட்டிலைவிட்டு இறங்காமலே கிடந்திருந்தாலும் அது நின்றிருக்காது.

தோட்டத்தில் பூச்சி, களை மருந்து அடிக்கும் வேலையில் இருப்பவர்கள் கோடு விழுந்த அன்றே மண்டோரிடம் (கங்காணியிடம்) வேறு வேலை கேளுங்கள். ஊருக்குச் சொல்ல வேண்டாம், வளைகாப்பு வரைகூட மறையுங்கள், அது உங்கள் விருப்பம். கிளினிக்கில் சொன்னது வெளியே போகாது. தீட்டு ஒரு வாரம் தள்ளியதும் வாருங்கள். வரும்போது கடைசித் தீட்டின் முதல் நாள் தேதியை எழுதி எடுத்து வாருங்கள், சாப்பிடும் மாத்திரை அட்டைகள் அத்தனையையும், நாட்டு மருந்து உட்பட, ஒரு பையில் போட்டுக் கொண்டு வாருங்கள்.