ஆம், இல்லை: கடவுச்சொல்லைக் கறக்க இது போதும்

எத்திக்கல் ஹேக்கிங்கை ஆன்லைனில் கற்க முடியுமா, காசு கட்டித்தான் ஆக வேண்டுமா என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். முடியும், ஆரம்பத்தில் காசும் வேண்டாம். போர்ட்ஸ்விக்கர் நிறுவனத்தின் வெப் செக்யூரிட்டி அகாடமி இலவசம். வேண்டுமென்றே ஓட்டை வைத்த தளங்களைத் தந்து உடைத்துப் பார்க்கச் சொல்வார்கள். அந்தக் கைவரிசையை அனுமதியில்லாமல் வெளியே காட்டினால் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66-ஆம் பிரிவில் 3 ஆண்டு வரை சிறை உண்டு. சரி, விஷயத்துக்கு வருவோம்.

தளத்தில் நாம் தட்டுவது பின்னாலுள்ள டேட்டாபேஸுக்கு, அதற்குப் புரியும் எஸ்க்யூஎல் (SQL) மொழியில் ஒரு கட்டளையாகப் போகிறது. நிரல் எழுதியவர் நம் எழுத்துகளை அப்படியே கட்டளையில் ஒட்டிவிட்டால், ஒற்றை மேற்கோள் குறியைப் போட்டு மீதியை நாமே எழுதிக்கொள்ளலாம். இதற்குப் பெயர் எஸ்க்யூஎல் இன்ஜெக்ஷன். 1998-லேயே ஃப்ராக் என்ற ஹேக்கர் இதழில் வெளியான சமாச்சாரம் இது.

எனக்குப் பிடித்தது இதன் குருட்டு வடிவம். தளம் எந்தத் தகவலையும் காட்டாது, பிழைச் செய்தியும் வராது. குக்கீயில், அதாவது தளம் நம் பிரவுசரில் போட்டுவைக்கும் சிறு குறிப்பில், உள்ள அடையாள எண் டேட்டாபேஸில் இருந்தால் 'மீண்டும் வருக' என்று ஒரு வரி மட்டும் வரும். அதுவே போதும்! குக்கீயின் வாலில், 'அதோடு, அட்மின் கடவுச்சொல்லின் முதல் எழுத்து எம்-க்குப் பிறகு வருகிறதா' என்று ஒரு நிபந்தனையைச் சேர்க்கிறோம். வரவேற்பு வந்தால் ஆம், வராவிட்டால் இல்லை. மனதில் நினைத்த எண்ணைக் கண்டுபிடிக்கும் பிள்ளை விளையாட்டுதான். சிறிய எழுத்துகள் 26, இலக்கங்கள் 10, ஆக 36. பாதி பாதியாக வெட்டிக்கொண்டே போனால் ஆறு கேள்விக்குள் ஓர் எழுத்து சிக்கிவிடும். 20 எழுத்துக் கடவுச்சொல்லுக்கு அதிகபட்சம் 120 கேள்வி. மொத்தமாக ஊகிக்கப் போனால் வாய்ப்புகளின் எண்ணிக்கையே 32 இலக்கம்!

வரவேற்பு வரியையும் எடுத்துவிட்டார்களா? 'உண்மையென்றால் 10 நொடி தூங்கு' என்று டேட்டாபேஸிடமே சொல்லலாம். பக்கம் தாமதமாகத் திறந்தால் அதுதான் பதில். வாயைக் கட்டினாலும் கடிகாரம் காட்டிக்கொடுக்கிறது.

மருந்து எளிது. கட்டளையின் வடிவத்தை முதலில் தனியாக நிலைநிறுத்திவிட்டு, பயனர் தருவதை வெறும் மதிப்பாக மட்டும் அனுப்ப வேண்டும். ஆனாலும் 2015-இல் பிரிட்டனின் டாக்டாக் நிறுவனத்தில் இதே ஓட்டை வழியாகச் சுமார் 1,57,000 வாடிக்கையாளர்களின் விவரங்கள் போயின. இன்னொரு நிறுவனத்தை வாங்கியபோது கூடவே வந்த பழைய பக்கங்கள் அவை, யாரும் சீந்தவில்லை. மறுவருடம் 4 லட்சம் பவுண்டு அபராதம்.

எஸ்க்யூஎல்மேப் என்ற கருவி இத்தனையையும் ஒரே கட்டளையில் செய்துவிடும். அதை முதல் வகுப்பிலேயே ஓட்டிக் காட்டும் கட்டணப் படிப்புகளை நான் மதிப்பதில்லை. அங்கே பட்டனை அமுக்கத்தான் பழகுவீர்கள். முதல் நான்கைந்து எழுத்தையாவது கையால் எடுங்கள், அப்புறம் அதே கேள்விகளைத் திரும்பத் திரும்பக் கேட்க பைத்தானில் ஒரு லூப் எழுதுங்கள். இந்தத் துறையில் மதிப்புள்ள ஓஎஸ்சிபி (OSCP) என்ற சான்றிதழுக்கான தேர்வு கிட்டத்தட்ட 24 மணி நேரச் செய்முறை. அங்கே எஸ்க்யூஎல்மேப்புக்குத் தடை.